ஓட்டுநரின் காலடியில் ஈரம்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போய்விடவில்லை. மணிக்கணக்காக அங்கேயே நின்று ஊற்றியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் அதிகம். கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ராணுவம் வந்து மக்களை வெளியே கொண்டுவந்தது.

என் பெரியப்பாவின் பிக்கப் வண்டி அந்த வெள்ளத்தில் மாட்டவில்லை. முதலியார்பேட்டையில் அவர் வண்டி நிறுத்தும் தெரு கொஞ்சம் மேடு. தண்ணீர் டயரில் பாதிகூட ஏறவில்லை. மழை விட்டபின் கதவைத் திறந்து உட்கார்ந்தவர், மிதியடியில் கால் வைத்ததும் 'சளக்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. மேட்டைத் தூக்கினால் அடியிலிருந்த ஸ்பாஞ்ச் முழுக்கத் தண்ணீர். சாவியைத் திருப்பியதும் யாரும் தொடாமலே ஹாரன் அடித்தது. தெரு முழுக்க எழுந்து வந்து பார்த்தார்கள்.

பெரியப்பாவுக்கு 66 வயது. காய்கறி ஏற்றுகிறார். விடிவதற்குள் பெரிய மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வேறு.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் ஆடி மாதத்தில் திண்டிவனம் சாலையில் கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. நகரத்தில் ஒருவர் புதுக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். புதுக் கண்ணாடி, முதல் பெருமழை, உள்ளே தண்ணீர். வேறென்ன வேண்டும்? பெரியப்பா போன் போட்டுக் கத்தினார். நானும் வாங்கி, "வேலை தெரியலன்னா எதுக்குங்க செய்யறீங்க?" என்றேன். அவர் மறுநாளே சிலிக்கான் டியூபோடு வந்தார். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என் கண்ணாடிலேருந்து வரல" என்றார். பெரியப்பா தெருவில் வைத்தே அவரை நாலு வார்த்தை கேட்டார். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். மென்பொருளில் பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. ஒரு தகர டப்பாவில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியாதா என்ற திமிர் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் கண்டுபிடித்ததில் பாதிதான் வண்டியைப் பற்றியது.

*

ஈரத்தைப் பற்றிப் பெரியப்பாவிடம் முதலில் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் என்னை நிறுத்தியது.

"எப்பலேருந்து பெரியப்பா தண்ணி வருது?"

"அது எப்பவும் கொஞ்சம் வரும்டா. வண்டி ஓட்றவன் காலு நனையாமயா இருக்கும்?"

எழுபதுகளில் லாரியில் கிளீனராக ஏறியவர் அவர். அந்தக் காலத்து லாரியில் மழை வந்தால் ஓட்டுநரும் நனைவார், கிளீனரும் நனைவார். அதைப் பழுது என்று யாரும் நினைத்ததில்லை. ஓட்டுகிறவர் நனையக் கூடாது என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அன்று இரவு யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்தால், அது மிகவும் பிந்தி வந்த எண்ணம்.

புதுச்சேரியிலேயே தொடங்கலாம். துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே செல்லும் உரிமை இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அது பெரிய கௌரவம். பல்லக்குக்கு மேற்கூரை உண்டு, திரை உண்டு. சுமப்பவர்கள் கூரைக்கு வெளியே இருந்தார்கள். பின்னாளில் பிரெஞ்சுப் புதுச்சேரியின் தெருக்களில் 'புஸ் புஸ்' வண்டி ஓடியது. பெயருக்குப் பிரெஞ்சில் 'தள்ளு தள்ளு' என்றுதான் பொருள். உள்ளே அமர்ந்திருப்பவர் முன்சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார். பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. அதில் திசை காட்டுபவர் இருக்கையில் இருக்கிறார். வண்டியை நகர்த்துபவருக்கு வண்டியில் இடமே கிடையாது. நம் கூண்டு வண்டியும் அப்படித்தான். கூண்டு பயணிகளுக்கு. வண்டிக்காரர் முகப்பில், கோணிச்சாக்கை முக்காடாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மோட்டார் வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஆரம்பகாலப் பணக்காரக் கார்களில் 'கூப்பே த வீல்' என்று ஒரு வடிவம் இருந்தது. பின்னால் முதலாளிக்குக் கண்ணாடி போட்ட அறை. முன்னால் ஓட்டுநருக்குத் திறந்தவெளி. கார் ஓட்டுபவரைக் குறிக்கும் 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முதலில் கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுபவர் என்றுதான் பொருள். நெருப்பு மூட்டுபவருக்கு எதற்குக் கூரை?

சரக்கு வண்டியில் இன்னும் மோசம். ஃபோர்டு நிறுவனம் 1917-இல் தன் முதல் ஒரு டன் லாரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சட்டம், இன்ஜின், சக்கரம் இவற்றை மட்டும்தான் கொடுத்தது. ஓட்டுநர் எதில் உட்காருவது என்பது வாங்கியவர் பாடு. மூடிய கேபினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருவது 1920களின் நடுவில்தான் வந்தது. பிக்கப் என்ற வடிவத்தை ஃபோர்டு தன் தொழிற்சாலையிலிருந்தே விற்றதும் 1925-இல்தான்.

நம் ஊரில் இந்தக் கட்டம் இன்னும் முழுசாக முடியவில்லை. வெறும் சேசிஸ் லாரி ஒன்று நெடுஞ்சாலையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். கேபின் இல்லை, கதவு இல்லை. ஒரு தற்காலிக இருக்கை, அதில் முகம் முழுக்கத் துண்டு சுற்றிய ஒருவர். தொழிற்சாலையிலிருந்து நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ பாடி கட்டுவதற்காக வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போவார். அங்கே தச்சர்களும் டிங்கர்களும் மரச்சட்டத்திலும் தகரத்திலும் அதற்குக் கேபின் கட்டுவார்கள். பெரியப்பா ஏறிய முதல் லாரியின் கேபின் அப்படிக் கட்டப்பட்டதுதான். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒவ்வொரு வருஷமும் இடைவெளி வளரும். அந்தக் கேபினில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடியதில்லை. எங்கிருந்து வரவில்லை என்று கேட்டிருக்கலாம்.

*

தண்ணீரைத் தடுப்பதற்காக வந்த ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் நனைந்த ஒருவர் இருக்கிறார்.

அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் டிராம் ஒன்றில் போய்க்கொண்டிருந்தார். பனிமழை. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாததால் ஓட்டுநர் அதைத் திறந்துவைத்துக்கொண்டு, குளிரில் நனைந்தபடியே ஓட்டினார். உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பிடியைத் திருப்பி வெளிக்கண்ணாடியைத் துடைக்கும் கருவி ஒன்றை ஆண்டர்சன் யோசித்தார். 1903 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. விற்கப் பார்த்தபோது, இதில் வணிக மதிப்பு எதுவும் இல்லை என்று ஒரு நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. அவருக்கு அதிலிருந்து பணம் எதுவும் வரவில்லை.

கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் நடுப்பகுதி வரை, மூடிய கார்களிலும் கூரையின் நடுப்பகுதி பெரும்பாலும் துணிதான். மரச்சட்டத்தின் மேல் மெழுகுபோல எண்ணெய்ப் பூச்சு கொடுத்த துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அவ்வளவு அகலமான எஃகுத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி வளைக்க அப்போது வழியில்லை. துணி வெயிலில் வெடிக்கும், ஓரத்தில் ஒழுகும். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டால் ஆன எஃகுக் கூரையைக் கொண்டுவந்து, அதை விளம்பரத்தில் பெரிதாகச் சொன்னது. இன்று நம் தலைக்கு மேலே இருக்கும் தகரம் ஒரு காலத்தில் விளம்பரம் செய்ய வேண்டிய புதுமை.

ரப்பர் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டுகொண்டார். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறுவருஷம் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் போயின. அங்கிருந்து மலாயாவின் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போனவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கங்காணிகளின் பின்னால் போனவர்கள். திறன் சாராத கூலிகளை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அந்தப் போக்கு ஓயவில்லை.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. மழை பெய்தால் ரப்பர் பால் எடுக்க முடியாது. மரத்தில் வழியும் மழைநீர் பாலைக் கோப்பையிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும். மழையைத் தடுக்கும் பொருளை மழையில்லாத நாளில்தான் எடுக்க முடியும். இன்று கதவுகளில் இருக்கும் பீடிங் பெரும்பாலும் 1960களில் சந்தைக்கு வந்த செயற்கை ரப்பர். வெயிலும் ஓசோனும் அதை அவ்வளவு சீக்கிரம் வெடிக்க வைப்பதில்லை. ஆனாலும் ரப்பர் ரப்பர்தான். வயதானால் இறுகும், இறுகினால் இடைவெளி விடும். கடலோர ஊரில் அந்த இடைவெளியில் தண்ணீருக்கு முன்னால் உப்பு போய் உட்கார்ந்திருக்கும்.

*

இப்போது தேடல்.

வண்டிக்குள் தண்ணீர் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தத் தண்ணீர் என்று. மூன்று வகை உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் உள்ளே கசிந்தால் அது பிசுபிசுக்கும், ஒருமாதிரி இனிப்பு வாசனை வரும், கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் படியும். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் சுத்தமாக இருக்கும். வெயில் நாளில் ஏசி ஓடினால் மட்டும் வரும். மழைத் தண்ணீரில் மண் இருக்கும், மழை பெய்தால்தான் வரும். பெரியப்பா வண்டியில் ஏசி கிடையாது. தண்ணீர் செம்மண் நிறம். ஆக, மழைதான்.

அடுத்தது, தண்ணீர் நுழையக்கூடிய வழிகள். கூரைத் தகடுகள் சேரும் பள்ளம், மேலே கேரியர் பொருத்தக் குடைந்த போல்ட் ஓட்டைகள், முன்கண்ணாடி, பின்கண்ணாடி, கதவு.

கதவைப் பற்றி எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது. கண்ணாடி இறங்கும் இடத்திலுள்ள ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். தடுக்காது, தடுக்க வேண்டும் என்று அதைச் செய்யவும் இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் கதவின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கதவின் அடி ஓரத்தில் இரண்டு மூன்று சிறு ஓட்டைகள் உண்டு, அவை வழியாக வெளியே போய்விடும். உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அந்தத் தண்ணீரைக் கேபினுக்குள் வரவிடாது. அடி ஓட்டை அடைத்தாலோ, ஸ்பீக்கர் மாட்டுகிறேன் என்று அந்தத் தாளைக் கிழித்தாலோதான் தொல்லை. கேபின் என்பது தண்ணீர் புகாத டப்பா என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தண்ணீரை உள்ளே வாங்கி, வழிகாட்டி, வெளியே அனுப்பும் வாய்க்கால்கள்தான் அதில் பாதி.

கதவு ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தோம். அடைப்பு இல்லை. பீடிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் இறுக்கமாகப் பிடித்தது. பின்கண்ணாடியின் ரப்பரில் முகப்பவுடர் தூவித் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் வழிந்தால் பவுடரில் கோடு விழும். விழவில்லை. அப்புறம் ஹோஸ் பைப். இதில் விதி ஒன்றுதான்: கீழிருந்து மேலே போக வேண்டும், ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது காரணம் என்று தெரியாது. நான் டார்ச்சோடு மிதியடிப் பக்கம் தலைகீழாகப் படுத்துக்கொண்டேன். அண்ணன் மகன் வெளியே பைப்பைப் பிடித்தான். கதவு, முன்கண்ணாடி, கூரை. ஒரு மணி நேரம் ஆனது. ஒரு சொட்டு வரவில்லை.

பெரியப்பா சிரித்தார். "அது என் வண்டிடா. ஆள் பாத்துத்தான் ஒழுகும்."

*

அன்று மாலை கடற்கரைச் சாலைக்கு நடந்து போனேன். மேரி கட்டடத்தின் எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகர்மன்றம் அது. இப்போது நிற்பது புதிதாக எழுப்பிய வடிவம். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பழையது 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அன்று நான் ஊரில் இருந்தேன். மழையில் விழுந்தது என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆனால் அதைவிடப் பெரிய மழைகளில் அது நின்றிருக்கிறது. அந்த ஒரு மழைக்கு முன்னால் பல வருஷம் கவனிப்பில்லாமல் கிடந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஊரின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பார்க்கலாம். நெருக்கமாக அடுக்கிய மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்துவாட்டில் வைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்தக் கூரை ஒழுகினால், உள்ளே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே விரிசல் இருக்கும் என்று சொல்ல முடியாது. கைப்பிடிச் சுவர் கூரையோடு சேரும் மூலையில் தண்ணீர் நுழையும். ஜல்லிக்குள்ளேயே சாய்வு பார்த்து நகரும். உத்தரம் ஒன்றைத் தொட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி வந்து சொட்டும். சொட்டும் இடத்தில் சிமெண்ட் பூசுபவர் ஒவ்வொரு வருஷமும் பூசிக்கொண்டே இருப்பார். எங்கள் பாட்டி வீட்டில் அப்படித்தான் நடந்தது. மழைநீர் போகும் குழாயை ஓர் ஆலங்கன்று அடைத்திருந்ததைக் கண்டுபிடிக்க எட்டு வருஷம் ஆனது.

ஈரம் தெரிந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததாலும், கடைசியாகக் கை வைத்தவர் அவர் என்பதாலும்தான் கண்ணாடிக்காரரைப் பிடித்தோம் என்று அங்கே நிற்கும்போது உறைத்தது. தேதியை நாங்கள் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் பெரியம்மாவிடம் கேட்டேன், பெரியப்பாவுக்குக் கால்விரல் இடுக்கில் புண் எப்போது வந்தது என்று. வலது காலில் சேற்றுப்புண் ஆறாமல் இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சர்க்கரையால் ஆறவில்லை என்று விட்டிருந்தோம். பெரியம்மா அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துவந்தார். பொங்கல் கழித்துப் போனது. 2024 ஜனவரி. காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார்.

கண்ணாடி மாற்றியது ஜூலை மாதம்.

கண்ணாடி மாற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே அந்தக் கால் நனைந்துகொண்டிருந்திருக்கிறது. 2023-இன் வடகிழக்குப் பருவமழை முழுவதும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டுகிறவர் கால் நனையும் என்பது அவருக்கு வெயில் சுடும் என்பதுபோல. பெரியம்மா வீட்டுத் தரையை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை பெரியப்பாவிடம் வேறு மாதிரி கேட்டேன். எங்கே நிறுத்தினால் அதிகம் வருகிறது?

"நீ தண்ணி ஊத்துன எடத்துல வராது. நான் ராத்திரில போடுவேன் பாரு, அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடி, அங்க நின்னாத்தான்."

போய்ப் பார்த்தேன். சாலையின் ஓரம் வடிகாலை நோக்கிச் சாய்ந்திருந்தது. எதிர்த்திசை பார்த்து நிறுத்துவதால் வண்டியின் வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். நாங்கள் சோதித்தது சமதளத்தில். எங்கள் தொழிலில் முதல் பாடம் இது: பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாவிட்டால் திருத்தவும் முடியாது. இடப்பக்கச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி வண்டியை வலதுபக்கம் சாய்த்தோம். மறுபடி பைப்.

வைப்பருக்குக் கீழே, கண்ணாடி முடியும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் ஜாலி ஒன்று இருக்கும். கண்ணாடியில் வழியும் மழை முழுக்க அதற்குள்தான் விழும். அதற்கடியில் ஒரு தொட்டி, தொட்டியின் இரு மூலையிலும் வடிகால். ஆறாவது நிமிடத்தில் என் டார்ச் வெளிச்சத்தில், பிரேக் மிதியடிக்கு மேலே, ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் இறங்கி வந்தது. முதலில் சொட்டு. அப்புறம் நூல்போல.

ஜாலியைக் கழற்றினோம். வலப்பக்க மூலையில் தூங்குமூஞ்சி இலை மக்கி, சாணிபோலக் கெட்டியாக இருந்தது. உள்ளே ஒரு சின்னச் செடிகூட முளைத்திருந்தது. வடிகால் அடைத்ததால் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஏறினாலும் உள்ளே வரக் கூடாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் ஒயர் நுழையும் ஓட்டையை ஒரு ரப்பர் வளையம் இறுக்கமாக மூடியிருக்கும். பட்டறையில் குரோமட் என்பார்கள். இந்த வண்டியில் அந்த ரப்பர் பிளேடால் கிழிக்கப்பட்டிருந்தது. கிழிசல் வழியாக ஒரு கறுப்பு ஒயர் உள்ளே போயிருந்தது. ஒயர் மேலிருந்து கீழாக நேராக இறங்கியதால் தண்ணீருக்கு அதுவே வழி. நுழையுமுன் அதைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்திருந்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போயிருக்கும்.

இலை மட்டும் என்றால் தண்ணீர் தேங்கியிருக்கும். கிழிசல் மட்டும் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டும் சேர்ந்து, வண்டியும் சாய்ந்து நின்றால்தான் பெரியப்பாவின் வலது கால் நனையும்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வண்டி எங்கே போகிறது என்று காட்டும் டிராக்கர். 2023 ஆவணியில் நான் வாங்கிக் கொடுத்தது. வேண்டாம் என்றவரை வற்புறுத்தி, நானே யூடியூப் பார்த்து, நானே பிளேடால் ரப்பரைக் கிழித்து மாட்டியது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அலுவலகத்தில் உட்கார்ந்து என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்: வண்டி வில்லியனூரில் நிற்கிறது, வேகம் 42, இன்ஜின் ஓடிக்கொண்டே 11 நிமிடம். அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன்.

*

புது குரோமட் 30 ரூபாய். இலையை வழித்து, வடிகாலில் சைக்கிள் பிரேக் ஒயரை விட்டு ஆட்டினோம். ஸ்பாஞ்சைக் கழற்றி மாடியில் நாலு நாள் வெயிலில் போட்டோம். துருப்பிடித்த தரையைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தோம். அடுத்த மழையில் மேட்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்துவைத்தோம். காலையில் எடுத்தால் மடக்கும்போது மொடமொடவென்று சத்தம் கேட்டது.

இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். பல்லக்கு, புஸ் புஸ், சேசிஸ் லாரி என்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை. மூன்றரை டன்னுக்குக் கீழே உள்ள பிக்கப்புகள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்நாள் பெரியப்பாவும் நானும் கண்ணாடிக்காரர் கடைக்குப் போனோம். பெரியப்பா வாசலிலேயே நின்று, "தப்பு எங்களுதுப்பா. மனசுல வச்சிக்காத" என்றார். அவர் எதுவும் சொல்லாமல் பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். அப்புறம் வெளியே வந்து வண்டியின் ஜாலியைத் தூக்கி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். புது ரப்பரைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஒயர யாருண்ணே இப்டி இழுத்தது?"

"எவனோ கடைக்காரன்" என்றார் பெரியப்பா, என்னைப் பார்க்காமல்.

"நான்தாண்ணே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "கண்ணாடி மாட்டினவன் பேரு ரசீதுல இருக்கு தம்பி. அதான் எனக்குப் போன் வந்தது. ஒயர் இழுத்தவனுக்கு ரசீது ஏது?" என்றார். குரலில் கோபம் இல்லை. டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை அவர் இடது கை முன்கண்ணாடியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது பெரியப்பாவிடம், "ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி எல வழிச்சிடுங்கண்ணே. மரத்த ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றார்.

டிராக்கர் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஒயரைக் கழற்றி வேறு வழியாக வளைத்துக் கொண்டுபோய் மாட்டினேன். மழை நாளில் இப்போது அதைப் பார்ப்பதற்கு முன் பெரியப்பாவுக்குப் போன் போடுகிறேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் முதலில் எரிந்து விழுவார். அப்புறம் சொல்வார்.